திறக்காத பர்ஸ்

கண்டதையெல்லாம் வாங்கி வீட்டை நிறைத்துக்கொண்டிருந்த மிதுனுக்கு, அவன் மனைவி பவித்ராதான் போன வருஷம் அந்த பர்ஸை வாங்கிக் கொடுத்தாள். கையில் வைத்திருப்பவரின் நெஞ்சு ஆசையில் படபடத்தால் அது திறக்காது. மனசு அடங்கினால்தான் காசு. மிதுனும் பழகிவிட்டான். புது டிவியைக்கூடக் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் வாங்கினான்.

கல்யாண நாளுக்குப் புடவை எடுக்க இருவரும் கோவையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனார்கள். வெங்காயக் கலர் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு பவித்ரா கண்ணாடி முன்னால் நின்றாள். விலை கட்டுப்படியாகும் விலைதான். மிதுன் பர்ஸில் விரலை வைத்தான். அது திறக்கவில்லை.

“புடவயப் பாக்காதீங்ணா, மேல ஃபேனப் பாருங்க,” என்றாள், இந்த மாதிரி பர்ஸுகளைப் பார்த்துப் பழகிய விற்பனைப் பெண்.

ஃபேனைப் பார்த்தான். தண்ணி வரியை நினைத்தான். படபடப்பு அடங்கி வரும் நேரம் பார்த்து, பவித்ரா கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்துவிட்டாள். போச்சு.

“ஏனுங்க, புடவ மேல உங்களுக்கு அத்தன ஆசையா?” என்றாள் பவித்ரா.

விற்பனைப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. புடவையை வாங்கி மேசைமேல் வைத்தாள். பவித்ராவைத் தூணுக்குப் பின்னால் அனுப்பினாள். “இப்ப விரல வைங்ணா.”

பர்ஸ் உடனே திறந்தது.

பவித்ரா எட்டிப் பார்த்தாள். டப்பென்று மூடிக்கொண்டது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி ஒளிந்தாள், திறந்தது. எட்டிப் பார்த்தாள், மூடியது.

“அக்கா, பில் போட்டரலாங்களா?”

“இரு சாமி,” என்றாள் பவித்ரா. “கல்யாணமாகிப் பத்தொம்பது வருசமாச்சு. இன்னொருக்கா பாத்துக்கறேன்.”