நாற்பத்து நான்காவது கையெழுத்து

ஃபிட்ச் குடும்பத்தை நல்லவர்கள் என்று சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை.

மலையில் தங்கப் புத்தகம் கிடைத்தது என்று கிளம்பிய மார்மன் மதத்தை முதலில் நம்பிய குடும்பங்களில் அதுவும் ஒன்று. இரண்டு வருஷம் முன்பே வண்டி கட்டிக்கொண்டு மேற்கே ஒஹையோவுக்குப் போய்விட்டார்கள். இப்போது அங்கிருந்து ஒருவர், அந்த மதத்தை எதிர்த்துப் புத்தகம் அச்சிட, அவர்களுடைய யோக்கியதை பற்றிப் பழைய அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் வாங்க வந்திருந்தார்.

சபை மூப்பர் ஜேரட்டின் வீட்டில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. விதவை தார்சா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"என்ன தார்சா, உனக்கும் தங்கத்துல ஒரு ஏடு தர்றேன்னாங்களா?" என்றான் கொல்லன் ஓரின்.

அவள் வந்தவரைப் பார்த்தாள். "இன்னொரு தடவை படிங்க."

"சோம்பேறிகள். குடிகாரர்கள். மூப்பர் ஜேரட்டின் செம்மறிக் கிடாவைத் திருடித் தின்றவர்கள்."

"சோம்பேறி, சரி. ஒரு வேலி கட்டத் துப்பில்லாதவங்க. குடி? அறுப்புக்கு வர்றவனுக்கு ஊத்திக் கொடுக்கறதே நாமதானே. அந்த ஆட்டு வரியை மட்டும் அடிச்சிடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"அம்மா, அந்த வரிதான் கனம். வசவு யார் வேணும்னாலும் சொல்லலாம். இதுல ஆட்டைப் பறிகொடுத்தவரே சாட்சி. அச்சுல வந்துட்டா, ஒஹையோவுலயும் அவங்களை இருக்க விடமாட்டாங்க."

குளிரில் மை மறுபடி உறைந்துவிட்டது. மைக்கூட்டை அடுப்பில் காட்ட வந்தவர் சமையலறைக்குப் போனார். ஓரின் குதிரை பூட்டப் போனான்.

தார்சா மூப்பரின் பக்கம் திரும்பினாள். "ஐயா, அவங்க திருடலை."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நாங்கதான் தின்னோம்."

மூப்பர் சமையலறைக் கதவைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரர் காய்ச்சல்ல கிடந்தார். வீட்ல மாவு தீர்ந்து பதினோரு நாள். பனியில நானே ஓட்டிட்டு வந்தேன். மூணு வருஷமா ஞாயித்துக்கிழமையானா உங்களுக்குப் பின்னாடி உக்காந்து, உங்க முதுகைப் பார்த்துத்தான் ஜெபம் பண்றேன். அந்த ஒஹையோக்காரர் உள்ளே வந்ததும் சொல்லிடப் போறேன். சபையை விட்டுத் தள்ளினாலும் தள்ளுங்க."

"வேணாம் தார்சா. எனக்குத் தெரியும்."

"எப்போலேருந்து?"

"அன்னிக்குக் காலையிலேருந்து. தடம் உன் கதவு வரைக்கும் போச்சு. நானும் வந்தேன். உன் புள்ளைங்க எலும்பைச் சப்பிக்கிட்டு இருந்ததை ஜன்னல் வழியாப் பார்த்தேன். உன் பேரைச் சொல்ல மனசு வரலை."

"அப்போ அவங்க பேரை ஏன் சொன்னீங்க?"

சமையலறையில் மைக்கூட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. மூப்பர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஊர் கேட்டுது. யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லணுமே. அவங்க பேருதான் ஏற்கெனவே கெட்டுக் கிடந்தது."