டேப்பின் நுனி

கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவது இப்போது இயந்திரம்தான். முன்பு அந்த வேலையைச் செய்த அவள் கணவன் கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. டேப்பின் நுனியை லேசாக மடித்துவிடுவது அவன் வழக்கம். "நீதான் நகத்தையெல்லாம் கடிச்சுத் தின்னுடுறியே, உன்ன மாதிரி ஆளுங்க எதை வச்சுப் பிரிப்பாங்க?" என்பான்.

லாரியில் ஏற்றுமுன் பெட்டிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. தினமும் ஒரே ஒரு பெட்டி நுனி மடிந்து வரும். அதைத் தடவிக்கொடுத்து அனுப்புவாள்.

"மெஷினுக்கு மடிக்கவெல்லாம் தெரியாதுக்கா," என்றான் மெக்கானிக்.

நாளை முதல் அவள் இடத்திலும் கேமராதான். கடைசி நாளான இன்று ஆயிரத்து நானூறு பெட்டிகள் வந்தன. ஒன்றுவிடாமல் எல்லாமே நுனி மடிந்திருந்தன. அத்தனையையும் தடவிக்கொடுக்க அவளுக்கு நேரம் போதவில்லை.