நாவல் படித்த மாப்பிள்ளை

பெண் பார்க்கப் பொம்மிடியிலிருந்து மொரப்பூர் வந்திருந்த ஆரோக்கிய பிரவீன் டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தான். பெண் ஜெனிஷா விஞ்ஞானக் கதைப் பைத்தியம், கேள்வி கேட்டே மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவள் என்று தரகர் வழியெல்லாம் பயமுறுத்தியிருந்தார்.

"சிறுகதைங்கள எல்லாரும் படிச்சிருப்பாங்க, அத வுடுங்க. அரூர் வாசகர் மன்றத்துல ஒரு குண்டு நாவல் இருக்குதே, வியாழன் கிரகத்துக்கு விண்கப்பல் போற கதை, படிச்சிருக்கீங்களா?" என்றாள் ஜெனிஷா.

"ரெண்டு தடவ படிச்சேங்க."

"முடிவு என்னங்க?"

"முடிவே இல்லைங்க. கப்பல் பாதி வழியில நின்னுடுது. கேப்டன் கதவத் தொறக்கப் போறாரு, அதோட கதை நின்னுடுது. மீதிய நாமளே நெனச்சுக்கணுமாம். என்னா மூளைங்க அந்த எழுத்தாளருக்கு!"

ஜெனிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தரகர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"அப்பா, எனக்குச் சம்மதம்," என்றாள்.

அப்பா சவரி குழம்பிப்போனார். "முன்னாடி வந்த மூணு பேரும் கப்பல் பத்திரமா போய்ச் சேந்துச்சுன்னு டாண் டாண்ணு சொன்னாங்களே பாப்பா?"

"அவங்க சொல்லித்தாம்ப்பா எனக்கே அது தெரியும். மூணு பேரும் மன்றத்துப் புத்தகத்தத்தான் படிச்சோம்னு சத்தியம் பண்ணாங்க. அதுல கடைசி இருவது பக்கமே கெடையாது!"