மூலைக்கல்லின் முகம்

விடிந்தபோது மூலைக்கல் சாமியாகியிருந்தது.

கடப்பாரையைத் தோளில் சாய்த்தபடி ஆட்களுடன் வந்த பேச்சிமுத்து, வரப்பிலேயே நின்றுவிட்டான். நேற்று அந்தியில் அவன் தன் கையால் நட்ட கல் அது. இப்போது அதன் தலைப்பக்கம் முழுவதும் மஞ்சள் அப்பியிருந்தது. நடுவே உள்ளங்கையளவு குங்குமம். கழுத்தில் வேப்பிலைச் சரம்.

ராமக்காளின் புஞ்சைக்கு வேலி அடைக்கும் வேலை. பட்டாளத்தார் சண்டை முடிந்து விட்டுச்சென்ற முள்கம்பியைக் கோரிப்பாளையத்து இரும்புக்கடையில் அவள் சுருள் சுருளாக வாங்கி வந்திருந்தாள். கம்பியை இழுத்துக் கட்டினால் இரண்டு பக்கத்து இழுப்பையும் மூலைக்கால்தான் தாங்க வேண்டும். வேலமரக்காலாக இருந்தால் நாளடைவில் கறையானுக்கு இரை. ஆகவே கல்.

கல்லைத் தேர்ந்தவளும் அவளே. நாற்புறமும் சீரான கல்லொன்றைப் பேச்சிமுத்து தட்டிக் காட்டினான், மணிபோல் ஒலித்தது. அவளோ, தலைப்பக்கம் அகன்று பரந்திருந்த வேறொன்றின்மேல் கைவைத்தாள்.

கம்பி சுற்ற அது தோதுப்படாது என்று சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

நேற்று மூலையில் இடுப்பாழம் குழி இறங்கிய நேரத்தில் உக்கிரபாண்டி வந்து குறுக்கே நின்றான். பக்கத்துப் புஞ்சைக்காரன், ராமக்காளின் காலஞ்சென்ற கணவனுக்குப் பங்காளி. எல்லை அங்கே இல்லையாம். பத்தடி தள்ளி, அவள் நிலத்துக்குள் இருக்கிறதாம்!

அந்தப் பத்தடிக்குள்தான் அவளுடைய கமலை மாடுகள் இறங்கி ஏறும் தடம் இருந்தது. தடம் போனால் கிணறு இருந்தும் இறைக்க வழியில்லை. இறைக்காவிட்டால் புஞ்சை பொட்டல். இது தெரியாமல் பேசிய பேச்சன்று. அண்ணன் செத்த வருடமே சர்வே கல்லைப் பிடுங்கி எறிந்த மனிதன், எல்லையைப் பற்றி வாய் திறக்கவும் கூசவில்லை.

பெரிய சண்டை வரும் என்று பேச்சிமுத்து எதிர்பார்த்தான்.

"தம்பி சொல்ற எடத்திலயே நட்டு வையிண்ணே," என்றாள் ராமக்காள். அவ்வளவுதான். தோண்டிய குழியை அப்படியே விட்டு, பத்தடி உள்ளே வேறு குழி தோண்டி நட்டான்.

ஏன் இப்படி விட்டுக்கொடுத்தாள் என்பது இரவெல்லாம் அவனுக்கு விளங்கவில்லை. விடிந்தால் இந்தக் கூத்து.

உக்கிரபாண்டிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீகளா மதினி! எல்லை எதுன்னு சாமியே காட்டிருச்சு. இனி எந்தக் கொம்பன் வந்து அசைக்கிறான்னு பாக்குறேன்!"

பேச்சிமுத்து கல்லைச் சுற்றி வந்தான். பூசியது யார்? மூன்று பக்கம் வெறுமை. அகன்ற முகத்தில் மட்டுமே மஞ்சள். அந்த முகம் உக்கிரபாண்டியின் மிளகாய்த் தோட்டத்தைப் பார்த்திருந்தது. அப்படியானால், பூசியவன் மிளகாய்த் தோட்டத்துப் பக்கமிருந்து வந்துதான் பூசியிருக்க வேண்டும்.

கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தோடு அவன் உக்கிரபாண்டியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

ராமக்காளும் கல்லைச் சுற்றி வந்தாள். கைகூப்பினாள்.

"சாமி வந்ததுல சந்தோசந்தான் தம்பி. ஆனா ஒங்க பக்கமுல்ல பாத்து நிக்கிது."

"நின்னுட்டுப் போகட்டுமே!"

அவள் பேச்சிமுத்துவிடம் திரும்பினாள். "அண்ணே, சாமிக்கு முன்னால எம்புட்டு எடம் விடணும்?"

அவன் யோசிக்காமலே சொன்னான்: "பொங்க வைக்கணும், கிடா வெட்டணும், நாலு பேரு சாமியாடணும். அந்தப் புளியமரம் வரைக்குமாச்சும் ஏர் படக்கூடாது தாயி."

புளியமரம் மிளகாய்த் தோட்டத்தின் மறுகோடியில் நின்றது.

"அப்ப செருப்பக் கழட்டுங்க தம்பி. சந்நிதியில நிக்கிறீக."

உக்கிரபாண்டியின் சிரிப்புக் குறைந்தது. அவன் பதில் சொல்வதற்குள், சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் இருவர் கூடைகளைப் பாதையோரம் இறக்கிவைத்துவிட்டு, மிளகாய்ச் செடிகளுக்குள் இறங்கினார்கள். காய்த்துத் தொங்கிய செடிகளை மிதித்துக்கொண்டு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாதையில் ஒரு வண்டியும் நின்றது. அதிலிருந்து ஒரு குடும்பமே இறங்கியது.

"ஏய், செடி! செடி! அங்கேயே நில்லுங்க! அது சாமியில்ல, வெறுங்கல்லு!"

"நீகதானே தம்பி சாமின்னீக?"

"எவனோ கிறுக்குப்பய தடவிட்டுப் போயிருக்கான் மதினி!"

அத்தனை பேர் பார்த்திருக்க, உக்கிரபாண்டி தன் துண்டை அவளுடைய கிணற்று நீரில் நனைத்து வந்து மஞ்சளைத் துடைத்தான். வேப்பிலையை அறுத்தெறிந்தான். பேச்சிமுத்துவின் ஆட்களோடு தானும் தோள்கொடுத்துக் கல்லைப் பெயர்த்து, நேற்று மூலையில் முதலில் தோண்டிய குழியிலேயே கொண்டுவந்து இறக்கினான்.

"எல்லை இதுதானே தம்பி?"

"இதுதான், இதுதான்! மொதல்ல அந்தச் சனத்தப் போகச் சொல்லுங்க."

சாமிக்கு அஞ்சாமல் துடைத்த கையைப் பேச்சிமுத்து வியப்போடு கவனித்தான். பூசிய கை அதுவாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் துணிச்சல் வருமா?

கூட்டம் கலைந்தது. உக்கிரபாண்டி செடிகளை நிமிர்த்தப் போனான். பேச்சிமுத்து குழியைச் சுற்றிச் சல்லியும் மண்ணும் மாறி மாறிப் போட்டுத் திமிசால் இடித்தான். கல் இறுகியது. தோளைக் கொடுத்து முட்டினான், அசையவில்லை.

ராமக்காள் கலயத்தில் நீராகாரம் கொண்டுவந்தாள்.

பூசியவன் யாரென்பதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சிமுத்துவுக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லத் தொடங்கிக்கொண்டே கலயத்துக்குக் கை நீட்டினான்.

தாலி இறக்கிய நாள்முதல் மஞ்சளைத் தொடாத கைகள் அவளுடையவை.

கலயத்தைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

தொடங்கிய சொல்லை நீராகாரத்தோடு சேர்த்து விழுங்கினான்.

"என்னண்ணே," என்றாள் அவள், கல்லின் அகன்ற தலையைத் தடவியபடி, "நான் எடுத்த கல்லு தோதுப்பட்டிருச்சுல்ல?"