புத்தகக் கண்காட்சியில் பெண் பார்த்தது

யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. அதனால் எல்லோருமே பார்ப்பது போலிருந்தது.

திண்டிவனத்திலிருந்து என்னை பஸ் ஏற்றி விழுப்புரம் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டி வந்தது புத்தகம் வாங்க இல்லை. பையன் வீட்டார் கூட்டத்தோடு கூட்டமாக வந்து என்னைப் பார்த்துக்கொள்வார்களாம். பிடிக்காவிட்டால் அப்படியே போய்விடுவார்களாம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவே பேசும். இங்கே யாருக்கும் தெரியாது.

போன முறை திருவக்கரை கோயிலில் வைத்துப் பார்த்தபோது நான் மாப்பிள்ளையை முறைத்துவிட்டேன். அதனால் இந்த முறை போட்டோகூடக் காட்டவில்லை. அம்மா கெட்டிக்காரி.

“நீ பாட்டுக்கு புக்கு பாத்துக்கினு இரு, கலை. மூஞ்ச மட்டும் உம்முனு வச்சிக்காத” என்று சொல்லிவிட்டு அவள் வாசல் பக்கம் போய்விட்டாள்.

பார்த்தேன்.

சின்ன ஊர்களில் புதுவிதமாகத் தொழில் தொடங்கி ஜெயித்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம். கீழே வைக்க மனம் வரவில்லை. கோலியனூரில் ஒரு மரச்செக்கு விலைக்கு வருகிறது. எங்கள் நிலத்து மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மூட்டையாக விற்காமல் எண்ணெயாக்கி விற்றுப் பார்க்க வீட்டில் ஒரு வருடம் கேட்டேன். இருபத்தாறு வயசாகிவிட்டது என்று ஒரு மாதம்கூடத் தரவில்லை.

அடுத்த அலமாரியில், யாரோ தன் குடும்பத்தின் ஆறு தலைமுறைக் கதையை எழுதியிருந்தார். மடித்து வைத்திருந்த வம்சாவளிப் படத்தை விரித்தேன். ஆண்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. மற்ற இடங்களில் ‘பெண்கள் மூவர்’, ‘பெண்கள் இருவர்’. எரிச்சலில் அதையும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஒரு காதல் நாவல். அட்டையைப் பார்த்தால் அம்மா மயக்கம் போட்டுவிடுவாள்.

முழுக்கைச் சட்டையை மடித்துவிட்ட ஒருவன் என்னையே பார்த்தான். இவனா? பில் போடுகிறவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இவருடைய பிள்ளைக்கா?

“கடைசிப் பக்கத்த மொதல்ல படிச்சிடு. சேர்றாங்களா இல்லியான்னு தெரிஞ்சிட்டா பேஜாரு இல்ல.”

பக்கத்தில் நின்ற பெண் நாவலைக் காட்டிச் சிரித்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். தோளில் ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில் தொங்கியது. அந்த இடத்தில் என்னை எடை போடாத ஒரே ஆள் அவள்தான் என்று பட்டது.

தொழில் புத்தகம் எதற்கு என்று கேட்டாள். செக்கைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. இந்தக் கல்யாணமே எனக்கு வேண்டாம் என்றேன். வாயைத் திறந்தால் அப்பா சாப்பிடாமல் படுத்துவிடுகிறார் என்றேன். வருகிறவர்களுக்கு என்னைப் பிடிக்காமல் போக வேண்டும் என்று பஸ்ஸில் வேண்டிக்கொண்டே வந்ததையும் சொன்னேன். கண் கலங்கிவிட்டது.

அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தன் கல்யாணத்துக்கு முன்னால் தானும் இப்படித்தான் அழுததாகச் சொன்னாள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அந்தப் பத்து நிமிஷம்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

அம்மா முகமெல்லாம் பல்லாக வந்தாள். கூடவே பட்டுப்புடவையில் ஒரு வயதான அம்மாள். அவர்களுக்குப் பின்னால், அந்த மடித்துவிட்ட முழுக்கை.

“என்னம்மா சொல்ற?” என்று அந்த அம்மாள் கேட்டார். கேட்டது என்னை இல்லை. என் பக்கத்தில் நின்றவளை.

அவள் சிரித்தபடி தலையாட்டினாள். கைப்பையைத் திறந்து, இலையில் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தாள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

என் இரண்டு கையிலும் புத்தகங்கள் இருந்தன.

என்னைத் திருப்பி நிறுத்தி, பின்னலில் ஹேர்பின்னைச் செருகிக்கொண்டே என் நாத்தனார் காதோரம் சொன்னாள்.

“பயப்படாத. நீ சொன்னத நான் யாரண்டயும் சொல்லமாட்டேன்.”