கட்டைவிரல் விழுந்த படம்

ஒரு கைப்பேசிக்குள், கட்டைவிரல் குறுக்கே விழுந்து பாதி மறைந்துபோன படம் ஒன்று இருந்தது. வைதேகி படங்களுக்குப் பெயர் போட்டு, வீணானவற்றை அழிக்க உட்கார்ந்த அன்று, கைப்பேசி அதற்கு 'உருளைக்கிழங்கு' என்று டேக் ஒட்டிவிட்டது.

"கிழங்கே, கிளம்பு! என்கிட்ட நாற்பது முகம். நாற்பதுக்கும் பேர் போட்டாச்சு" என்று சிரித்தது கல்யாணப் படம்.

விரல் படத்துக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "அடங்குடா! அந்த நாற்பது பேரையும் நிற்கவைத்து எடுத்தவர் உன்கிட்ட எங்கே? இங்கே எந்தப் படத்திலாவது அவரைக் காட்டு, நானே போயிடறேன்."

கல்யாணப் படம் தனக்குள்ளேயும் மற்ற படங்களிலும் தேடிப் பார்த்தது; அவர் எங்கேயும் இல்லை.

அழிக்க வந்த வைதேகி, அந்தக் கட்டைவிரலின் பிளந்த நகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினாள். கிழங்கை நீக்கிவிட்டு, 'அப்பா' என்று எழுதினாள்.

கல்யாணப் படம் நகர்ந்து இடம்விட்டது. "இப்படி வாங்கண்ணே" என்றது.