ஒயர் இல்லாத கட்டம்

ஒரு மின்னணு சிப்புக்குள்ளே குட்டிக் குட்டிக் கட்டங்கள் குடியிருந்தன. அவற்றை எந்த மனிதரும் வரைந்து வைக்கவில்லை. இப்படியும் அப்படியுமாக ஆயிரம் விதத்தில் இணைத்துப் பார்த்து, தேறியதை மட்டும் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரே வளர்த்தெடுத்த கூட்டம் அது. விசில் சத்தம் கேட்டால் பல்பை எரியவைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நடுக்கட்டத்துக்கு நாலா பக்கமும் ஒயர். அதனால் மற்றவை அதை 'அண்ணாச்சி' என்றே கூப்பிட்டன. மூலைக்கட்டத்துக்கோ மற்றவற்றோடு சேர ஒரு ஒயர்கூடக் கிடையாது; கரண்ட் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஓசியில கரண்ட் குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?" என்று அண்ணாச்சி அதை நாள் தவறாமல் குடையும்.

"எனக்கு என்ன வேலைன்னு எனக்கே தெரியல அண்ணாச்சி," என்று அது முனகும்.

ஒருநாள் எஞ்சினியர் மெர்லின் வேண்டாததைக் கழிக்க வந்தாள். முதலில் மூலைக்கட்டத்தை அணைத்துவிட்டு விசில் ஊதினாள். பல்பு எரியவில்லை!

அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் நல்லாத்தானே இருக்கேன்! என் ஒயரெல்லாம் சரியாத்தானே இருக்கு!"

மெர்லினும் திகைத்துப்போய் மூலைக்கட்டத்துக்கு உயிர் கொடுத்து மறுபடி விசில் ஊதினாள். அதன் இளஞ்சூடு அக்கம்பக்கம் பரவியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மற்ற கட்டங்களையும் ஒவ்வொன்றாக அணைத்து விசில் ஊதிப் பார்த்தாள்.

அண்ணாச்சியின் முறை வந்தது. கண் இருட்டியது.

விழித்ததும் அது பதறிப்போய்க் கேட்டது: "ஐயையோ, நான் இல்லாம ரொம்பத் தவிச்சிட்டீங்களா?"

எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மூலைக்கட்டம்தான் வாய் திறந்தது.

"பல்பு நல்லாத்தானே எரிஞ்சுது. நீங்க எப்பப் போனீங்க, அண்ணாச்சி?"